முதலிட அணிக்கு எதிராக எல்லோரும் உயிரைக் கொடுத்து ஆடுகிறார்களா?

அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்தில் டியூக், கென்டக்கி, கேன்சஸ், வட கரோலினா, யுசிஎல்ஏ போன்ற பெயர்பெற்ற அணிகளைச் சுற்றி ஒரு நம்பிக்கை நெடுங்காலமாக நிலவுகிறது. எந்த அணியும் இவற்றை எதிர்த்து ஆடும் நாளில் தன் முழு பலத்தையும் காட்டிவிடும் என்பதே அது. மற்ற அணிகளுக்கு ஒரு பருவத்தில் சில நாள்களாவது களைத்துப்போன, அக்கறையில்லாத எதிரணி கிடைக்கும். முதலிட அணிக்கு அந்த வசதி இல்லை என்று அதன் பயிற்சியாளர்களும் ரசிகர்களும் சொல்கிறார்கள். தோற்றவர்கள் சொல்லும் சாக்கு என்று இதை ஒதுக்கிவிட முடியாது. அப்படியே ஏற்றுக்கொள்ளவும் முடியாது. உளவியல், உடலியல், புள்ளியியல் மூன்றும் இதைப் பற்றிச் சொல்வதற்கு நிறைய வைத்திருக்கின்றன.

முதலில் எதிரணியின் ஆசையைப் பார்க்க வேண்டும். தேசியக் கல்லூரி விளையாட்டுச் சங்கமான என்சிஏஏவின் முதல் பிரிவில் 350க்கும் மேற்பட்ட அணிகள் இருக்கின்றன. அசோசியேட்டட் பிரஸ் செய்தி நிறுவனம் 1949 முதல் கூடைப்பந்து அணிகளுக்குத் தரவரிசை வெளியிட்டு வருகிறது. இன்று அதில் இடம்பெறுபவை 25 அணிகள் மட்டுமே. மார்ச் மாதத் தேசியத் தொடருக்கு 68 அணிகள் போகின்றன. தங்கள் கூட்டமைப்பின் கோப்பையை வென்று நேரடியாக நுழைபவை போக, மீதி இடங்களை ஒரு தேர்வுக் குழு நிரப்புகிறது. அந்தக் குழு வெற்றிகளை எண்ணுவதோடு நிறுத்துவதில்லை, எடையும் போடுகிறது. 2018-19 பருவத்தில் நடைமுறைக்கு வந்த நெட் என்னும் கணக்கீட்டின்படி, சொந்த அரங்கில் முதல் 30 இடங்களில் உள்ள அணியையோ, பொது அரங்கில் முதல் 50 இடங்களில் உள்ள அணியையோ, எதிரியின் அரங்கில் முதல் 75 இடங்களில் உள்ள அணியையோ வென்றால் அது முதல் தர வெற்றி. நடுத்தர அணி ஒன்றுக்கு அப்படி இரண்டு மூன்று வெற்றிகள் கிடைத்தால் பருவத்தின் தலையெழுத்தே மாறிவிடும். ஆகவே முதலிட அணி ஊருக்கு வரும் நாளை நாட்காட்டியில் வட்டமிட்டு வைப்பதில் உணர்ச்சி மட்டுமல்ல, தெளிவான லாபக் கணக்கும் இருக்கிறது.

ரசிகர்களும் இதே கணக்கைத்தான் போடுகிறார்கள். 2024 பிப்ரவரி 24 அன்று வேக் ஃபாரஸ்ட் அணி தன் அரங்கில் டியூக்கை 83-79 என்று வென்றதும் மாணவர்கள் ஆடுகளத்துக்குள் பாய்ந்தார்கள். அந்த நெரிசலில் டியூக்கின் உயரமான ஆட்டக்காரர் கைல் ஃபிலிப்போவ்ஸ்கி மோதுண்டு காயமடைந்தார். சக வீரர்கள் அவரைத் தாங்கிக்கொண்டு வெளியே கூட்டிச் சென்றார்கள். இப்படிக் களத்துக்குள் நுழைவதைத் தடுக்கத் தென்கிழக்குக் கூட்டமைப்பு 2023இல் அபராதத்தை 1,00,000 டாலரில் தொடங்கி 5,00,000 டாலர் வரை உயர்த்தியது. சாதாரண அணியை வென்றதற்காக மாணவர்கள் களத்துக்குள் பாய்வது அரிது.

ஆசை இருந்தால் முயற்சி கூடிவிடுமா என்பது அடுத்த கேள்வி. அமெரிக்க உளவியலாளர் ஜாக் பிரெம் உருவாக்கிய ஊக்கத் தீவிரக் கோட்பாடு இதற்கு நல்ல விடை தருகிறது. மனிதர் தம் சக்தியை வீணாகச் செலவிடுவதில்லை. வேலை எவ்வளவு கடினமோ அவ்வளவு முயற்சியைத்தான் கொடுக்கிறார். காலிக் குடத்தைத் தூக்க ஓர் அளவு பலம், நிறைகுடத்துக்கு வேறோர் அளவு. கிணற்றையே பெயர்க்கச் சொன்னால் யாரும் கையை வைப்பதில்லை. வேலை கடினமாக ஆக முயற்சி ஏறிக்கொண்டே போகிறது. ஆனால் முடியாது என்று தோன்றிய கணத்திலோ, கிடைக்கும் பலன் இவ்வளவு பாட்டுக்குத் தகாது என்று தோன்றிய கணத்திலோ அது சட்டென்று விழுந்துவிடுகிறது.

இந்த விதி நம்பிக்கையின் இரண்டு பக்கங்களையும் விளக்குகிறது. பலமான எதிரி முயற்சியை ஏற்றிவிடலாம். மிகமிகப் பலமான எதிரி அதைக் கொன்றும்விடலாம். இரண்டாவதற்கு கோல்ஃப் ஆட்டத்தில் நல்ல சான்று கிடைத்தது. பொருளியலாளர் ஜெனிஃபர் பிரவுன் 2011இல் வெளியிட்ட ஆய்வில், டைகர் வுட்ஸ் உச்சத்தில் இருந்த ஆண்டுகளின் போட்டி முடிவுகளை அலசினார். வுட்ஸ் கலந்துகொண்ட போட்டிகளில் மற்ற ஆட்டக்காரர்கள், அவர் இல்லாத போட்டிகளைவிட முதல் சுற்றில் சராசரியாக 0.2 அடி (ஸ்ட்ரோக்) மோசமாக ஆடியிருந்தார்கள். வுட்ஸ் பின்தங்கியிருந்த காலங்களில் அந்தச் சரிவு மறைந்தது. முதல் பரிசு எப்படியும் கைக்கு வராது என்ற எண்ணம் அவர்களைத் தளர்த்தியிருக்கலாம் என்பது அவருடைய விளக்கம். கோல்ஃபில் எதிரியை நேருக்கு நேர் தடுக்க முடியாது, கூடைப்பந்தில் முடியும் என்ற வேறுபாட்டை மறக்கக் கூடாது. இருந்தாலும், பெரிய பெயர் எதிரே நின்றால் எல்லோரும் தானாகவே பொங்கி எழுவார்கள் என்ற எண்ணத்தை இந்த ஆய்வு நன்றாகவே அசைத்துவிடுகிறது.

எனவே பெரிய அணியை எதிர்கொள்ளும் பயிற்சியாளரின் முதல் வேலை, இது முடிகிற காரியம் என்று தன் பிள்ளைகளை நம்பவைப்பது. இதற்கு 1974ஆம் ஆண்டின் நாட்டர் டேம் அணியைவிடச் சிறந்த உதாரணம் கிடைப்பது அரிது. ஜான் வுடன் பயிற்றுவித்த யுசிஎல்ஏ அப்போது தொடர்ந்து 88 ஆட்டங்களை வென்றிருந்தது. 1971 ஜனவரியில் அதைக் கடைசியாகத் தோற்கடித்ததும் நாட்டர் டேம்தான். ஆட்டத்துக்கு முந்தைய பயிற்சியின்போது பயிற்சியாளர் டிகர் ஃபெல்ப்ஸ் ஒரு விசித்திரமான ஒத்திகை நடத்தினார். கோப்பையை வென்ற அணி ஏணி போட்டு ஏறிக் கூடையின் வலையை அறுத்து எடுத்துக்கொள்வது அமெரிக்க வழக்கம். அந்த வலை அறுக்கும் சடங்கைத் தன் ஆட்டக்காரர்களை ஒத்திகை பார்க்க வைத்தார். ஜனவரி 19 அன்று, ஆட்டம் முடிய மூன்றரை நிமிடம் இருக்கும்போது யுசிஎல்ஏ 70-59 என்று முன்னிலையில் இருந்தது. அதற்குப் பிறகு அந்த அணிக்கு ஒரு புள்ளிகூட வரவில்லை. நாட்டர் டேம் தொடர்ந்து 12 புள்ளிகள் எடுத்தது. கடைசி 29 வினாடி இருக்கையில் டுவைட் கிளே மூலையிலிருந்து எறிந்த பந்து விழுந்து, ஆட்டம் 71-70 என்று முடிந்தது. பதினொரு புள்ளி பின்தங்கிய நிலையில் கைவிடாமல் இருப்பதற்குத் திறமை மட்டும் போதாது. அந்த ஒத்திகை எவ்வளவு உதவியது என்று அளக்க வழியில்லை; ஆனால் அது பிரெம்மின் கோட்பாடு சுட்டும் இடத்தைச் சரியாகத் தொட்டது.

கூடுதல் முயற்சி உடலில் எங்கே வெளிப்படுகிறது என்பதும் கவனிக்க வேண்டிய ஒன்று. ஆஸ்திரேலிய ஆட்டக்காரர்களை வைத்து 1995இல் வெளியான ஓர் ஆய்வு, ஓர் ஆட்டத்தில் ஒருவர் ஏறத்தாழ 1000 முறை தன் அசைவின் வகையை மாற்றுகிறார் என்று கணக்கிட்டது. நடை, ஓட்டம், பக்கவாட்டு நகர்வு, குதிப்பு என்று இரண்டு வினாடிக்கு ஒரு மாற்றம். பந்து ஆட்டத்தில் இருக்கும் நேரத்தில் இதயத் துடிப்பு உச்ச அளவில் பத்தில் ஒன்பது பங்கை ஒட்டியே நிற்கிறது. இந்த நெருக்கடியில் ஓர் ஆட்டக்காரர் எங்கே கொஞ்சம் ஓய்வெடுப்பார்? பந்து கைமாறியதும் தற்காப்புக்குத் திரும்பி ஓடும்போது. தனக்குச் சம்பந்தமில்லாத பக்கத்தில் எதிரி நகரும்போது. கூடையில் பட்டுத் தெறித்த பந்துக்கு இன்னொருவர் குதிக்கட்டும் என்று நிற்கும்போது. சாதாரண நாளில் இந்தச் சின்னச் சின்னத் தளர்வுகள் யார் கண்ணிலும் படுவதில்லை. முதலிட அணி எதிரே இருக்கும் நாளில் அவை மறைகின்றன. தற்காப்பு, ரீபவுண்ட், தரையில் உருளும் பந்துக்குப் பாய்வது ஆகிய மூன்றும் மனம் வைத்தால் கூடக்கூடியவை.

பந்தைக் கூடைக்குள் எறிவது அப்படியல்ல. அது மென்மையான, நுணுக்கமான செயல். கூடுதலாக முறுக்கேறினால் கெட்டுவிடும். ராபர்ட் யெர்க்ஸும் ஜான் டாட்சனும் 1908இல் எலிகளை வைத்துச் செய்த சோதனையில், கடினமான பணியைக் கற்க மிதமான தூண்டுதல்தான் உதவியது, அளவு மீறிய தூண்டுதல் தடையாயிற்று. பிறர் பார்க்கும்போது நன்கு பழகிய செயல் மேம்படும், பழகாத செயல் கெடும் என்று ராபர்ட் ஜயான்ஸ் 1965இல் விளக்கினார். 1982இல் வெளியான ஒரு சிறு ஆய்வு இதைப் பில்லியர்ட்ஸ் வகை ஆட்ட மேசையில் சோதித்தது. நான்கு பேர் பக்கத்தில் வந்து நின்று பார்க்கத் தொடங்கியதும், திறமையானவர்களின் துல்லியம் 71 சதவீதத்திலிருந்து 80 ஆக உயர்ந்தது. சுமாரானவர்களுடையது 36இலிருந்து 25 ஆகச் சரிந்தது. ஆக, சிறிய அணி பெரிய அரங்கில் உயிரைக் கொடுத்து ஆடினால் அதன் தற்காப்பு மேம்படும் என்று நம்பலாம். எறிதலும் மேம்படும் என்று நம்புவதற்கு அடிப்படை குறைவு.

அரங்கத்தின் சத்தம் இன்னொரு வழியிலும் வேலை செய்கிறது. கைல் ஆண்டர்சன், டேவிட் பியர்ஸ் இருவரும் 2004-05 பருவத்தின் 365 கல்லூரி ஆட்டங்களை ஆராய்ந்தபோது, வெளியூர் அணி மீது நடுவர்கள் கூடுதலாக ஃபவுல் கொடுப்பதைக் கண்டார்கள். ஓர் அணிக்கு ஃபவுல்கள் அதிகமாகக் குவிந்துவிட்டால், அடுத்தது எதிரணிக்குப் போகும் வாய்ப்பு கூடுவதையும் கண்டார்கள். மூர்க்கமாகத் தற்காக்கும் அணிக்கு இந்தச் சமன்படுத்தல் பெரிய வரம். எவ்வளவு உரசினாலும் ஃபவுல் எண்ணிக்கை ஓர் அளவுக்கு மேல் விலகிப்போகாது. வெளியூர் செல்லும் முதலிட அணி, கூடுதல் உழைப்போடு கூடுதல் உரசலையும் சந்திக்கிறது.

இதுவரை சொன்னவை அந்த நம்பிக்கைக்குச் சாதகமானவை. எதிர்ப்பக்கத்தில் இருக்கிற பெரிய சாட்சி தற்செயல். ஒரு சராசரி அணி ஓர் ஆட்டத்தில் 25 முறை மூன்று புள்ளி எறிதல் எறிகிறது, அதில் 34 சதவீதம் விழுகிறது என்று வைத்துக்கொள்ளலாம். சராசரியாக எட்டு அல்லது ஒன்பது விழும். அதே அணி, அதே திறமை, அதே முயற்சி; ஆனாலும் ஏறத்தாழ பத்து ஆட்டத்துக்கு ஒருமுறை 12 அல்லது அதற்கு மேல் விழும். சராசரியைவிடப் பத்துப் புள்ளி கூடுதல், ஒரு காரணமும் இல்லாமல். முப்பது ஆட்டங்கள் ஆடும் பெரிய அணி, அப்படிப்பட்ட எதிரணியைச் சராசரியாக மூன்று முறை சந்திக்கும். அந்த மூன்று இரவுகளிலும் அதன் ரசிகர்கள், நம்மிடம் மட்டும்தான் இவர்கள் இப்படி எறிகிறார்கள் என்று நொந்துகொள்வார்கள்.

கூட்டிப் பெருக்கிப் பார்த்தால் இது இன்னும் தெளிவாகும். ஒவ்வோர் ஆட்டத்திலும் வெல்ல 90 சதவீத வாய்ப்புள்ள ஓர் அணி 30 ஆட்டங்களையும் தோல்வியின்றி முடிக்கும் வாய்ப்பு நூற்றுக்கு நான்குதான். 95 சதவீதமாக உயர்த்தினாலும் அது சுமார் 21. எந்த எதிரணியும் விசேஷமாக முயலாவிட்டாலும் தோல்வி வரத்தான் செய்யும்.

நினைவும் தன் பங்குக்குக் கணக்கைக் குழப்புகிறது. பெரிய அணியின் ரசிகர் ஓர் எதிரணியை ஆண்டுக்கு ஒன்றிரண்டு முறைதான் பார்க்கிறார், அதுவும் தன் அணியோடு ஆடும்போது மட்டும். அந்த எதிரணி மற்ற 28 ஆட்டங்களில் எப்படி ஆடியது என்று அவருக்குத் தெரியாது. எளிதாக வென்ற இரவுகள் மறந்துபோகும். தோற்ற இரவு பத்தாண்டு கழித்தும் நிமிடம் நிமிடமாக நினைவிருக்கும்.

முயற்சியும் தற்செயலும் எப்படிப் பின்னிக் கிடக்கின்றன என்பதற்கு 2019 நவம்பர் 12 நல்ல பாடம். தரவரிசையில் முதலிடத்தில் இருந்த கென்டக்கி, இண்டியானா மாநிலத்தின் எவன்ஸ்வில் பல்கலைக்கழக அணிக்கு 90,000 டாலர் கொடுத்துத் தன் ரப் அரங்கத்துக்கு ஆட வரவழைத்தது. இத்தகைய ஆட்டங்கள் பெரிய அணிக்கு எளிய வெற்றி, சிறிய அணிக்கு வருமானம் என்ற ஏற்பாடு. அன்று எவன்ஸ்வில்லின் பயிற்சியாளர் வால்டர் மெக்கார்ட்டி; 1996இல் கென்டக்கிக்காகவே ஆடித் தேசியக் கோப்பையை வென்றவர். எவன்ஸ்வில் 67-64 என்று வென்று, பணத்தையும் வாங்கிக்கொண்டு ஊர் திரும்பியது. இரண்டே வாரத்தில், புதிதாக முதலிடம் ஏறியிருந்த டியூக்கை அதன் சொந்த அரங்கில் ஸ்டீஃபன் எஃப். ஆஸ்டின் அணி கூடுதல் நேரத்தில் 85-83 என்று வீழ்த்தியது. தன் கூட்டமைப்புக்கு வெளியே உள்ள அணிகளிடம் டியூக் சொந்த அரங்கில் தொடர்ந்து 150 வெற்றிகள் பெற்றிருந்தது. அந்தத் தொடர் அன்று முடிந்தது.

எவன்ஸ்வில்லின் பிந்தைய கதைதான் இங்கே முக்கியம். அந்தப் பருவத்தில் தன் கூட்டமைப்பில் ஆடிய 18 ஆட்டங்களிலும் அது தோற்றது. முதலிட அணியை வென்ற அதே அணியால், தன் கூட்டமைப்பின் அணிகளில் ஒன்றைக்கூட வெல்ல முடியவில்லை. ஒருவர் இதைக் காட்டி, ஆண்டு முழுவதற்கும் வைத்திருந்த சக்தியை அந்த ஓர் இரவில் கொட்டிவிட்டார்கள் என்பார். மற்றொருவர், அது குருட்டு அதிர்ஷ்டம் என்பார். இரண்டிலும் விடுபடுவது கென்டக்கியின் பங்கு.

பிரெம்மின் விதி பலமான அணிக்கும் பொருந்தும். வேலை எளிது என்று கணித்தவர் குறைவாகவே முயல்வார். பணம் கொடுத்து வரவழைத்த எதிரியிடம் பத்தொன்பது வயது இளைஞர்கள் முழு வேகத்தில் ஆடுவது அபூர்வம். ஆகவே எதிரணி கூட்டிக்கொடுப்பது இடைவெளியின் ஒரு பாதி என்றால், பலமான அணி குறைத்துக்கொடுப்பது மறு பாதி. பயிற்சியாளர்கள் முதல் பாதியைப் பற்றி மேடையில் பேசுகிறார்கள்; பயிற்சிக்கூடத்தில் அவர்கள் சண்டை போடுவது இரண்டாவதோடுதான்.

மறு ஆட்டங்கள் இதை உறுதிப்படுத்துகின்றன. 1968 ஜனவரி 20 அன்று ஹூஸ்டன் ஆஸ்ட்ரோடோமில் 52,693 பேர் பார்க்க, ஹூஸ்டன் பல்கலைக்கழகம் யுசிஎல்ஏவின் 47 ஆட்ட வெற்றித் தொடரை 71-69 என்று முறித்தது. பின்னாளில் கரீம் அப்துல்-ஜப்பார் ஆன லூ அல்சிண்டர் அன்று கண்ணில் காயத்தோடு ஆடினார். இரண்டு மாதம் கழித்துத் தேசியத் தொடரின் அரையிறுதியில் அதே இரு அணிகள் மோதியபோது முடிவு யுசிஎல்ஏவுக்குச் சாதகமாக 101-69. நாட்டர் டேமையும் ஒரே வாரத்தில் யுசிஎல்ஏ 94-75 என்று திருப்பி அடித்தது. இரண்டு மறு ஆட்டங்களிலும் எதிரணியின் ஆர்வம் குறைந்திருக்கக் காரணமில்லை. ஏறியது யுசிஎல்ஏவின் முயற்சி.

உச்சத்தில் ஆடிய அணி அடுத்த ஆட்டத்தில் இறங்குவதும் அடிக்கடி காணக்கூடியது. தேசியத் தொடரில் ஒவ்வொரு வட்டாரத்திலும் முதல் இடம் பெற்ற அணி பதினாறாம் இடத்து அணியோடு மோதும். 1985 முதல் 135 முறை ஆண்கள் தொடரில் முதலிட அணியே வென்றுவந்தது. 2018 மார்ச் 16 அன்று யுஎம்பிசி என்று சுருக்கி அழைக்கப்படும் மேரிலாந்துப் பல்கலைக்கழகத்தின் பால்டிமோர் கவுன்டி கிளை, முதலிட அணியான வர்ஜீனியாவை 74-54 என்று நொறுக்கியது. இடைவேளையில் 21-21 என்று சமமாக இருந்த ஆட்டம் அது. அடுத்த ஆட்டத்தில் யுஎம்பிசி எடுத்த மொத்தப் புள்ளிகள் 43. கேன்சஸ் ஸ்டேட்டிடம் தோற்றது. பலவீனமான அணி என்பதால் எப்படியும் தோற்றிருக்கலாம். ஆனால் ஓர் அணியால் எல்லா இரவிலும் உச்சத்தைத் தொட முடியாது என்பதில் ஐயமில்லை. தோற்ற வர்ஜீனியாவோ அடுத்த ஆண்டே தேசியக் கோப்பையை வென்றது.

பெண்கள் கூடைப்பந்து இந்த விவாதத்துக்கு ஒரு கடுமையான சோதனை வைக்கிறது. கனெடிகட் பல்கலைக்கழகப் பெண்கள் அணி 2014 முதல் 2017 வரை 111 ஆட்டங்களைத் தொடர்ந்து வென்றது. பத்தாண்டுகளுக்கும் மேலாக நாட்டிலேயே அதிகம் குறிவைக்கப்பட்ட அணி அது. எல்லோருடைய முழு முயற்சியையும் சந்தித்த அணி என்று ஒன்றைச் சொல்வதானால் இதைத்தான் சொல்ல வேண்டும். 2016இல் மிசிசிப்பி ஸ்டேட்டை அது 98-38 என்று அறுபது புள்ளி வித்தியாசத்தில் தோற்கடித்தது. அதே மிசிசிப்பி ஸ்டேட் மறு ஆண்டு அரையிறுதியில், கூடுதல் நேரத்தின் கடைசி நொடியில் அணியின் மிகக் குள்ளமான ஆட்டக்காரர்களில் ஒருவரான மோர்கன் வில்லியம் எறிந்த பந்தால் 66-64 என்று வென்று 111ஐ முடித்துவைத்தது. இரண்டு நாள் கழித்து இறுதி ஆட்டத்தில் மிசிசிப்பி ஸ்டேட் தென் கரோலினாவிடம் 67-55 என்று தோற்றது.

எதிரணிகளின் உச்ச முயற்சியே முதலிட அணிகளை வீழ்த்துகிறது என்றால், ஆண்களுக்கும் பெண்களுக்கும் அது ஒரே மாதிரி நடந்திருக்க வேண்டும். அப்படி நடக்கவில்லை. பெண்கள் ஆட்டத்தில் சிறந்த ஆட்டக்காரர்கள் நெடுங்காலம் சில கல்லூரிகளிலேயே குவிந்தார்கள், அங்கேயே நான்கு ஆண்டுகள் தங்கினார்கள். திறமையின் இடைவெளி பெரிதாக இருந்தது. ஆண்கள் ஆட்டத்தில் மிகச் சிறந்தவர்கள் ஓராண்டிலேயே தொழில்முறை ஆட்டத்துக்குப் போய்விடுகிறார்கள், இடைவெளி சிறியது. முழு முயற்சி தரக்கூடியது சில புள்ளிகள். இடைவெளி அதற்குள் இருந்தால்தான் அது முடிவை மாற்றும். 1976இல் இண்டியானா 32 ஆட்டங்களையும் வென்று கோப்பையைப் பெற்ற பிறகு, 2025 வரை ஐந்து ஆண்கள் அணிகள் தோல்வியே காணாமல் தேசியத் தொடருக்குள் நுழைந்தன. 1979இல் இண்டியானா ஸ்டேட், 1991இல் நெவாடா லாஸ் வேகஸ், 2014இல் விச்சிட்டா ஸ்டேட், 2015இல் கென்டக்கி, 2021இல் கொன்சாகா. ஐந்தும் தோற்றே வெளியேறின. பெண்கள் ஆட்டத்தில் 1986 முதல் 2024 வரை தோல்வியே இல்லாமல் கோப்பையை வென்ற அணிகள் பத்து. அவற்றில் ஆறு கனெடிகட்.